ரப்பர் பாலில் ஒட்டிய வயிறு

நேற்று மதியம் உங்களில் ஒருவரைச் சத்தம் போட்டுவிட்டேன். பெட்டிக்குள் ஓர் அந்துப்பூச்சியின் வயிறு தனியாக உதிர்ந்து கிடந்தது. பக்கத்தில் வயிறு இல்லாத பூச்சி ஒன்று ஊசியில் நின்றது. "ஐயா, இது இதோடதாத்தான் இருக்கும், ஒட்டிரட்டுமா?" என்று அவர் பசைக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். நான் கத்திய கத்தலில் குப்பி மேசையில் கவிழ்ந்தது. ஓய்வு பெற்ற பிறகும் வாரத்தில் இரண்டு நாள் இந்த அருங்காட்சியகத்துக்கு வந்து உங்கள் நாற்காலியை அடைத்துக்கொண்டு உட்காருகிற கிழவனுக்கு அந்த உரிமை கிடையாதுதான். மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஏன் கத்தினேன் என்று சொல்லாமல் விட்டால் அது வெறும் கிழட்டுக் கோபமாகப் போய்விடும். அதனால் இதை எழுதிவைக்கிறேன்.

உங்களிடம் நல்ல நுண்ணோக்கி இருக்கிறது, படிப்பு இருக்கிறது. மலையில் புதிதாக ஏதாவது கிடைத்துவிட்டால் காலையில் பிடித்ததற்கு மாலையில் பெயர் வைக்கத் துடிக்கிறீர்கள். அந்தத் துடிப்பை நான் குறை சொல்லவில்லை. அது இல்லாதவன் இந்த வேலைக்கு வரவேண்டியதே இல்லை, தபால் நிலையத்தில் முத்திரை குத்தப் போகலாம். ஆனால் ஒரு பூச்சியைப் புதிய இனம் என்று எழுதுவது சாட்சி சொல்கிற காரியம். இதுவரை யாரும் இதைத் தனியாகப் பிரித்துப் பார்க்கவில்லை, நான் பார்த்தேன், இதோ அதன் உடல், சந்தேகம் இருந்தால் வந்து பார்த்துக்கொள் என்று சொல்கிறோம். சாட்சிக் கூண்டில் நிற்கிறவன் ஊகம் செய்யக்கூடாது. நான் ஒரு முறை செய்தேன், அதற்கு விலையாக இன்னொருவருடைய உயிர் போகப் பார்த்தது.

ஜப்பான்காரர்கள் மலாயாவில் கெடா மாநிலத்துக்குள் வந்து இரண்டாவது வருடம் அது. பீடோங்கிற்கும் செமிலிங்கிற்கும் நடுவில், குனோங் ஜெராய் மலையின் அடிவாரத்தில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் சின்னக் கிராணி. ஆபீசில் பேரேடு எழுதுகிற வேலை. வெள்ளைக்காரத் துரை சண்டை நெருங்கியதும் ஓடிப்போயிருந்தார். போகும்போது நாய்களைக் கூட்டிக்கொண்டு போனார், பல வருடமாகச் சேர்த்து வைத்திருந்த அந்துப்பூச்சிப் பெட்டிகளை விட்டுவிட்டுப் போனார். அந்தப் பெட்டிகளுக்கு ரசகற்பூர உருண்டை போட்டு, எறும்பு ஏறாமல் பார்த்துக்கொள்வது முன்பிருந்தே என் பொறுப்பு. துரை எனக்கு எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. துடைக்கும்போது பூச்சியையும் அதன் ஒட்டுச்சீட்டையும் மாறி மாறிப் பார்த்து நானாகப் பழகியதுதான்.

ரப்பரை வாங்க ஆளில்லை. பால் வெட்டு பாதிக்கு மேல் நின்றுபோயிற்று. தொழிலாளர் குடியிருந்த லயத்தில் எல்லோரும் மரவள்ளிக்கிழங்கு போட்டு, அதையே மூன்று வேளையும் தின்றார்கள். இது கூடப் பொறுத்துக்கொள்ளக்கூடியது. பொறுக்க முடியாதது லோரி. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று மாதக் கடைசியில் லோரி வரும், பட்டியலில் உள்ள ஆண்களை ஏற்றிக்கொண்டு போகும். முதலில் போனவர்களிடமிருந்து கடிதம் வரவில்லை. பிறகு போனவர்களிடமிருந்தும் வரவில்லை. அங்கே என்ன நடக்கிறது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, சொல்லாமலே தெரிந்துகொண்டோம்.

ஒரு நாள் ஜப்பானிய அதிகாரி ஒருவர் துரை பங்களாவைப் பார்வையிட வந்தார். பூச்சிப் பெட்டி ஒன்றைத் திறந்தவர், இடுப்பில் தொங்கிய வாளைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். தன் ஊரில் பள்ளிக்கூடத்தில் செடி கொடி, பூச்சிகளைப் பற்றிப் பாடம் நடத்தியவராம். அரைகுறை மலாயில் இருவரும் பேசிக்கொண்டோம். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவரை நல்லவர் என்றும் சொல்ல மாட்டேன், அந்தச் சீருடைக்காரர்கள் எங்கள் ஜனத்துக்குச் செய்ததை நான் மறக்கவில்லை. ஆனால் ஒரு பூச்சியை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். இரண்டும் உண்மை, இரண்டையும் சேர்த்தே சுமக்கிறேன்.

மலையில் அந்துப்பூச்சிகளைச் சேகரிக்க அவர் அனுமதி வாங்கினார். ஆனால் ராத்திரியில் மலைமேல் விளக்குப் போடத் தடை. விளக்கு இல்லாமல் அந்துப்பூச்சியை எப்படிப் பிடிப்பது என்று உங்களைப் போலவே நானும் கேட்டேன். அதற்கு விடையாக வந்தவர் மாரி. எங்கள் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர், முப்பது வயது இருக்கும். பால் வெட்டுகிறவர்கள் தினமும் நூற்றுக்கணக்கான மரப்பட்டைகளை ஒரு முழத் தூரத்தில் இருந்து பார்க்கிறவர்கள். பட்டையில் மயிரிழை மாற்றம் இருந்தாலும் கண் தானாக அங்கே போகும். பாசி படிந்த மரத்தில் பாசி நிறத்திலேயே ஒட்டிக்கொண்டு தூங்குகிற பூச்சியைப் பட்டப்பகலில் விரல் நீட்டிக் காட்டுவார் மாரி. "அந்தா ஒண்ணு. அதுக்கு மேல சின்னதா இன்னொண்ணு." நானும் அதிகாரியும் மூக்கு உரசுகிற அளவுக்குப் போய்த்தான் அதைப் பார்ப்போம்.

மாரியின் பெயர் சயாம் பட்டியலில் இருந்தது. மலைவேலை நடக்கிறவரைக்கும் அவரைக் கூப்பிடக்கூடாது என்று அதிகாரி ஒரு சூராட், அதாவது முத்திரை போட்ட கடிதம், கொடுத்திருந்தார். சுங்கை பட்டாணியில் இருந்த அவருடைய மேலதிகாரிகளுக்கு இது பிடிக்கவில்லை. சண்டை நடக்கிற நேரத்தில் பூச்சியால் என்ன பயன் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் கெடு வைத்தார்கள். இந்த மாதத்துக்குள் புதிதாக ஏதாவது கண்டு சொன்னால் சரி, இல்லாவிட்டால் வேலையை நிறுத்து. அதாவது, புது இனம் கிடைத்தால் மாரி மலைக்குப் போவார், கிடைக்காவிட்டால் சயாமுக்குப் போவார். அப்படித்தான் நாங்கள் கணக்குப் போட்டோம்.

அந்த மாதம் மாரி உச்சிக்குப் பக்கத்துப் பாறை ஒன்றில் ஒரு பூச்சியைப் பிடித்தார். சாம்பல் நிறம். முன் இறக்கையில் குறுக்காக வெளிறிய பட்டை ஒன்று. துரையின் பெட்டிகளில் அப்படிப் பட்டை போட்ட ஒன்றை நான் பார்த்ததில்லை. ஆனால் பட்டையை மட்டும் நம்பிப் புது இனம் என்று சொல்லக்கூடாது என்று உங்களுக்குத் தெரியும். ஒரே இனத்திலேயே பட்டை உள்ளதும் இருக்கும், இல்லாததும் இருக்கும். இனத்துக்கு இனம் மாறுகிற வயிற்றின் நுனியைப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். அதைக் காயவைத்து, அதே பெட்டியில் தோட்டத்தில் சாதாரணமாகக் கிடைக்கிற இன்னொரு சாம்பல் பூச்சியையும் குத்திவைத்தேன்.

பிறகு என் அசட்டுத்தனம். பெட்டியைப் பீரோவின்மேல் வைத்துவிட்டு, பீரோக் காலுக்கு அடியில் இருந்த கிண்ணங்களுக்குத் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டேன். மறுநாள் காலையில் திறந்தால் உள்ளே எறும்பு. இரண்டு பூச்சிக்கும் வயிறு இல்லை. ஒரு வயிறு மட்டும் பெட்டிக்குள் கிடந்தது, இன்னொன்றை எறும்பு இழுத்துக்கொண்டு போயிருந்தது. மதியம் அதிகாரி வருகிறார். வந்து இந்தக் கோலத்தைப் பார்த்தால் கன்னத்தில் விழும், அது நிச்சயம். கையில் நல்ல பசை இல்லை. கொல்லைப் பக்கம் பால் வெட்டிய மரம் ஒன்றில் பால் சொட்டுகிற மங்குக் கிண்ணம் தொங்கியது. அதிலிருந்து ஈர்க்குச்சியில் ஒரு சொட்டு ரப்பர் பால் தொட்டு, இருந்த ஒரு வயிற்றைப் பட்டை போட்ட பூச்சிக்கு ஒட்டினேன். ஏன் அதற்கு? அது அரிதானது, அதனால். இதுவாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாதாரணப் பூச்சியைத் தூக்கி வெளியே எறிந்தேன்.

அதிகாரி வயிற்று நுனியைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். இரண்டு கொக்கியும் மஞ்சள் மயிர்க் கொத்தும் இருந்தன. இந்தப் பட்டைப் பூச்சியின் சொந்தக்காரக் குடும்பத்தில் யாருக்கும் அப்படிக் கிடையாது. அவர் மறுபடி பார்த்தார், எழுந்து நடந்தார், திரும்ப வந்து பார்த்தார். பிறகு என் தோளைத் தட்டினார். அன்றே படம் வரைந்து, புதிய இனம் என்று அறிக்கை எழுதி, சுங்கை பட்டாணிக்கு அனுப்பிவிட்டார். நிதானமான மனிதர்தான், ஆனால் அவருக்கும் அந்த மாதம் ஒரு புது இனம் தேவைப்பட்டது. வேண்டும் என்று தவிக்கிற ஒன்று கிடைத்தால் அதை இரண்டு மடங்கு சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். நாங்கள் இருவரும் பாதிச் சந்தேகத்தோடு கூடப் பார்க்கவில்லை.

மாரியின் மனைவி அஞ்சலை அன்றைக்குக் கிழங்கை வேகவைத்துத் தேங்காய் போட்டுத் தாளித்து எனக்கும் ஒரு தட்டு கொடுத்தனுப்பினாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். மாரி பிழைத்தார் என்று லயமே பேசிக்கொண்டது. நான் பெரிய மனிதனைப் போல நாலு நாள் நடமாடினேன்.

ஐந்தாம் நாள் துரையின் பழைய பெட்டிகளுக்கு உருண்டை மாற்றிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு வரிசை முழுக்க அந்தச் சாதாரணச் சாம்பல் பூச்சி. சும்மா கண்ணாடியை எடுத்து ஒன்றின் வயிற்று நுனியைப் பார்த்தேன். இரண்டு கொக்கி, மஞ்சள் மயிர்க் கொத்து. அடுத்ததைப் பார்த்தேன், அதிலும் அதேதான். வரிசையில் இருந்த எல்லாவற்றையும் பார்த்தேன். எல்லாம் ஒன்றேதான். நாங்கள் கண்டுபிடித்த புது இனத்துக்குத் தலையும் இறக்கையும் மலையில் இருந்து வந்தவை, வயிறு தோட்டத்தில் இருந்து வந்தது. இடையில் இருந்தது என்னுடைய ஒரு சொட்டு ரப்பர் பால்.

இங்கே நீங்கள் கொஞ்சம் நின்று யோசியுங்கள். தப்பு என்னுடையது, ஆனால் அதைச் சொன்னால் தலை போவது மாரிக்கு. சொல்லாமல் விட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? எங்கோ ஒரு புத்தகத்தில் ஒரு பொய்ப் பூச்சி இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு மனிதர் உயிரோடு இருப்பார். அந்தக் கணக்கு தப்பு என்று எனக்கு அன்று தோன்றவில்லை, இன்றும் முழுக்கத் தோன்றவில்லை. ஒன்று மட்டும் தோன்றியது. இன்னொருவருடைய உயிரைப் பற்றிய முடிவை அவருக்குத் தெரியாமல் நான் தனியாக எடுக்கக்கூடாது. நேராக லயத்துக்குப் போனேன்.

மாரி வாசலில் உட்கார்ந்து கூடை முடைந்துகொண்டிருந்தார். அஞ்சலை அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அஞ்சலைதான் முதலில் பேசினாள்.

"ஐயா, லோரி வர இன்னும் பத்து நாள் இருக்கு. அது வந்துட்டுப் போகட்டும். அப்புறமா சொல்லுங்களேன். பூச்சி எங்க ஓடிறப் போகுது."

"நானும் அதத்தான் நெனச்சேன்" என்றேன்.

"அப்ப எதுக்கு எங்ககிட்ட வந்து சொல்றீங்க?" என்றாள். குரலில் கோபம் இருந்தது.

மாரி கூடையைக் கீழே வைத்தார். "எத வச்சு ஒட்டுனீங்கன்னு சொன்னீங்க?"

"பால்தான். மங்குல இருந்தது."

புருஷனும் பெண்சாதியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அஞ்சலை அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். "பச்சைப் பாலா? மருந்து எதுவும் கலக்காமலா? அது கறுத்துப் போயிருமே ஐயா. பிசுபிசுன்னு ஆயி நாத்தம் வேற அடிக்கும். மரத்துல காஞ்சு ஒட்டியிருக்கிற ஒட்டுப்பால நீங்க பார்த்ததே இல்லையா?"

பார்த்திருக்கிறேன். தினமும் எடை போட்டு எழுதியிருக்கிறேன். தொட்டதில்லை. தோட்டத்தில் வருடக்கணக்காக ரப்பரைப் பேரேட்டில் எழுதியவனுக்கு ரப்பர் காய்ந்தால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. பால் வெட்டுகிறவர்களைக் கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பார்கள். கேட்கத் தோன்றவில்லை, கிராணி இல்லையா.

"நாளைக்கோ நாளன்னிக்கோ தெரிஞ்சிரும்லா" என்றார் மாரி. "அது அந்த ஆள் கையில இருக்கும்போது தெரிஞ்சா ஒண்ணு. பட்டாணிக்குப் போயி மேல உள்ளவன் கையில தெரிஞ்சா, நாம ரெண்டு பேரும் கூடிப் பேசிப் பொய் பண்ணுனோம்னுதான் நினைப்பான். அப்புறம் சயாம் கூட இல்ல, இங்கயே தலைய எடுத்துருவான்."

அஞ்சலை திரும்பிப் போய் அடுப்பில் எரிந்த விறகை வெளியே இழுத்தாள். பிறகு சொன்னாள்: "சொல்லிருங்க ஐயா. ஆனா இவரு பிடிச்ச பூச்சி தப்பு இல்ல. நீங்க ஒட்டுனதுதான் தப்பு. அத உங்க தலையில வச்சுச் சொல்லுங்க. இவரு தலையில வைக்காதீங்க."

அப்படியே செய்தேன். நான் உண்மையின்மேல் கொண்ட பக்தியால் போய்ச் சொன்னேன் என்று நீங்கள் நினைத்துவிடக்கூடாது. பாதி பயம், பாதி அஞ்சலையின் முகம். பங்களாவில் அதிகாரி அந்தப் பூச்சியைச் சுங்கை பட்டாணிக்கு அனுப்புவதற்காகச் சின்னப் பெட்டியில் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தார். துரையின் பெட்டி ஒன்றை அவர் பக்கத்தில் வைத்து, கண்ணாடியைக் கொடுத்து, "இதைப் பாருங்கள்" என்றேன். பார்த்தார். பிறகு தன் பூச்சியைத் தூக்கி, வயிறு சேருகிற இடத்தைப் பார்த்தார். ஓரம் பழுப்பாக மாறத் தொடங்கியிருந்தது. "நான் ஒட்டினேன். ஊகத்தில் ஒட்டினேன். மலைக்குப் போகிறவருக்கு இது தெரியாது" என்றேன்.

அறைந்தார். இரண்டு அறை. காது வெகுநேரம் ரீங்காரமிட்டது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். என்னைத் திட்டவில்லை. ஊசி முனையால் அந்த வயிற்றை மெதுவாகப் பிரித்தெடுத்துத் தனியாக வைத்தார். வயிறில்லாத பூச்சியை என் முன்னால் நீட்டி, "இப்போது இதைப் பற்றி நமக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார்.

"இறக்கையில் பட்டை இருக்கிறது" என்றேன்.

"புது இனமா?"

"தெரியாது."

"பழைய இனமா?"

"அதுவும் தெரியாது."

தலையை ஆட்டினார். மேசை இழுப்பறையில் இருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். அன்று காலையில்தான் சுங்கை பட்டாணியில் இருந்து வந்தது. எனக்கு அவர்கள் எழுத்து வாசிக்கத் தெரியாது, அவரே மலாயில் சொன்னார். புது இனம் கண்டது மகிழ்ச்சி. மலைவேலை நல்லபடியாக முடிந்தது. பூச்சியை அனுப்பி வைக்கவும். வேலையாட்களை மாதக் கடைசியில் தோட்டப் பட்டியலுக்கே திருப்பி விடவும்.

எனக்கு இது புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. கண்டுபிடித்துவிட்டால் மாரி பிழைப்பார் என்று நாங்கள் போட்ட கணக்கு தலைகீழ். கண்டுபிடித்தாயிற்று என்றால் வேலை முடிந்தது, முடிந்த வேலைக்கு ஆள் எதற்கு? நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், என் பொய்யே மாரியை லோரியில் ஏற்றியிருக்கும். அதிகாரி அதைப் பற்றி அதற்கு முன்னால் யோசித்திருந்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கிற தைரியம் வரவில்லை.

அவர் காகிதத்தை எடுத்து எழுதத் தொடங்கினார். எழுதியதை எனக்கு ஒவ்வொரு வரியாகச் சொன்னார். முன்பு அனுப்பிய முடிவு அவசரப்பட்டது, அந்த அவசரம் தன்னுடையது. கையில் இருக்கிற பூச்சியின் உடல் முழுமையாக இல்லை. இதை வைத்துக்கொண்டு புதியது என்றும் பழையது என்றும் சொல்ல முடியாது. முழு உடலோடு இன்னொன்று கிடைக்கிறவரை தேடல் தொடர வேண்டும், இப்போது மலைக்குப் போகிறவரைத் தவிர வேறு யாராலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. ரப்பர் பால் என்ற பேச்சே அதில் இல்லை, கிராணி என்ற பேச்சும் இல்லை. ஒரு வரி கூடப் பொய்யும் இல்லை. என் தப்பைத் தன் பெயரில் எழுதி முத்திரை குத்தினார். கன்னம் எரிந்துகொண்டிருந்தபோதே நான் அவரை மதித்தேன். நகல் ஒன்றை மாரியிடம் கொடுக்கச் சொல்லி என்னிடம் தந்தார்.

உண்மையைச் சொன்னால் நல்லதே நடக்கும் என்று நான் உங்களுக்குப் பாடம் நடத்த வரவில்லை. அந்த வருடம் எங்கள் லயத்தில் இருந்து போனவர்கள் ஒருவரும் பொய் சொன்னவர்கள் இல்லை. நான் சொல்ல வருவது சின்ன விஷயம். நமக்குத் தெரியாத இடம் எதுவோ அங்கேதான் நம் வேலை இருக்கிறது. அந்த இடத்தை ஊகத்தால் ஒட்டி மூடிவிட்டால், நாம் மூடுவது நம் வேலையையே. ஒட்டுச்சீட்டில் 'வயிறு இல்லை' என்று எழுதுவதற்கு யாரும் வெட்கப்பட வேண்டாம். அந்த இரண்டு சொல்லைப் படித்துவிட்டு, உங்களுக்குப் பிறகு ஒருவர் மறுபடி மலை ஏறுவார்.

பட்டைப் பூச்சி என்ன ஆயிற்று என்று உங்கள் காது அதிலேயே இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். சண்டை முடிந்து, நான் இந்த வேலைக்கே வந்து சேர்ந்து, பல தடவை மலை ஏறி இறங்கிய பிறகு, அதே உச்சிப் பாறையில் முழு உடலோடு எனக்குக் கிடைத்தது. புதிய இனம்தான். அதன் வயிற்று நுனி நாங்கள் வரைந்து அனுப்பிய படத்தைப் போல எந்த விதத்திலும் இல்லை. அதை விவரித்து எழுத எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அவசரம் இல்லை, நிதானமாகவே எழுதினேன்.

இனி அந்த மாதக் கடைசி. அதிகாரியின் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அவரையும் சுங்கை பட்டாணிக்கு வரச் சொல்லிவிட்டார்கள். அவர் இல்லாத நாளில், காலை பத்து மணிக்கு லோரி வந்தது. பெரட்டுக் களத்தில், காலையில் பெயர் கூப்பிடுகிற அந்தத் திடலில், ஆண்களை வரிசையாக நிறுத்தினார்கள். மாரியின் பெயரையும் வாசித்தார்கள். மாரி வரிசையில் போய் நின்றார். கையில் அந்த நகல் மட்டும்தான். பெண்கள் தள்ளி நின்றார்கள், அஞ்சலை இடுப்பில் சின்னப் பிள்ளையோடு முன்னால் நின்றாள். நான் பேரேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆபீஸ் படியில் நின்றேன். எனக்கு எதுவும் பேச அனுமதி இல்லை.

சிப்பாய் ஒருவன் காகிதத்தை வாங்கிப் படித்தான். முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் தமிழ் தெரிந்தவர், அவரிடம் ஏதோ சொன்னான்.

"ஒனக்கு என்ன வேலைன்னு கேக்குறாரு" என்றார் அவர்.

"மலையில பூச்சி தேடுறேன்" என்றார் மாரி.

சிப்பாய் சிரித்தான். பக்கத்தில் இருந்தவனிடம் சொல்லி அவனும் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மறுபடி ஒரு கேள்வி கேட்டான்.

"தேடுன பூச்சி கெடச்சிருச்சான்னு கேக்குறாரு."

பயத்தில் இருக்கிறவன் எப்போதும் பெரிதாகத்தான் சொல்வான். கிடைத்துவிட்டது, பெரிய பூச்சி, உங்கள் அதிகாரி கூட மெச்சினார் என்று சொல்லத் தோன்றும். மாரி அப்படிச் சொல்லியிருந்தால் அவருக்கு மலையில் வேலை இல்லை. அவர் ஒரு முறை மலையைத் திரும்பிப் பார்த்தார். அவசரப்படவில்லை.

"இன்னும் இல்ல" என்றார்.

மொழிபெயர்ப்பாளர் சொன்னார். சிப்பாய் காகிதத்தை மாரியின் சட்டைப் பையில் திணித்து, தோளைப் பிடித்து வரிசையில் இருந்து வெளியே தள்ளினான். தள்ளிய வேகத்தில் மாரி முழங்காலில் விழுந்தார். விழுந்தபடியே இருந்தார். மற்றவர்களை ஏற்றிக்கொண்டு லோரி கிளம்பியது, அவர்கள் முகங்கள் ஒவ்வொன்றும் எனக்கு இன்றும் தெரியும். அது வளைவு திரும்பி மறைகிறவரை திடலில் யாரும் அசையவில்லை.

பிறகு அஞ்சலை போய்ப் பிள்ளையை மாரியின் மடியில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். நான் படியில் இருந்து இறங்கிப் போனேன். மாரி என்னை அண்ணாந்து பார்த்தார். முகத்தில் புழுதியும் கண்ணீரும் இருந்தன.

"ஐயா, நாளைக்கு மலைக்குப் போவணும்ல?" என்றார்.

"போவணும் அண்ணே" என்றேன்.

தோட்டத்தில் கிராணி பால் வெட்டுகிறவரை அப்படிக் கூப்பிடுகிற வழக்கம் கிடையாது. நானும் அதுவரை கூப்பிட்டதில்லை. அஞ்சலை திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். மறுநாள் காலையில் மூன்று பேருக்குக் கிழங்கு கட்டிக்கொடுத்தாள், மூன்றாவது பொட்டலம் ராத்திரியே திரும்பி வந்துவிட்ட அதிகாரிக்கு. நாங்கள் மலை ஏறினோம்.